வெட்டி அனுப்பிய தொடக்கம்

அறைக்குள் அவன், சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரங்களோடு மல்லுக்கட்டும் அக்கா, குளியலறையைக் குத்தகைக்கு எடுத்தவர் மாதிரி உள்ளேயே கிடக்கும் அத்தான், காதில் ஹெட்போன் வழியாக நண்பன் ‘குண்டூசி’, திரையில் யாரென்றே தெரியாத ‘தூங்குமூஞ்சி’... ஆக ஐந்து பேர், இந்த ஐந்து பேரில் விளையாட்டின் நான்காவது மாடியில் அந்தப் பீப்பாய்க்கு எதிரே போய் வேண்டுமென்றே நின்றது ஒருத்தர்தான், அதுவும் ஓடி வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, அசையாமல்... வீடியோவைத் திரும்ப ஓட்டினான். மறுபடி பீப்பாய் உருண்டு வந்தது, மறுபடி அந்தக் குட்டி விளக்குக்காரன் முதுகில் வாங்கினான், வாங்கிய வேகத்தில் தூக்கி எறியப்பட்டு மேல்மாடி விளிம்பில் போய் விழுந்தான், எழுந்தான், ஓடினான். மேலே ஏற்றிவிடும் வாளி அதற்குப் பிறகுதான் ஆடி அசைந்து இறங்கி வந்தது, ஏற ஆளில்லாமல். இத்தனை வருஷமாக எல்லோரும் அந்த வாளிக்காக நின்றோமே, நின்றோமா இல்லையா, நானும்தானே நின்றேன், பீப்பாய் வந்தால் குதித்துத் தாண்டிவிட்டு மறுபடி வந்து நின்றேன்... அது உதைத்துத் தள்ளினால் எங்கே போய் விழுவோம் என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

கலங்கரை விளக்கத்துக்குள் கீழேயிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வரும், அது தொடுவதற்குள் விளக்குக்காரன் உச்சிக்குப் போய் விளக்கேற்ற வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு, பிள்ளைகள் ஆடிவிட்டு மறந்துபோன பழைய சரக்கு. அதையே யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று உலகத்தில் ஒரு கூட்டம் நொடிக்கணக்கில் அடித்துக்கொள்கிறது, ஆடியதை வீடியோவாக எடுத்து இணையதளத்துக்கு அனுப்புகிறது, வந்ததைச் சரிபார்த்துப் பட்டியலில் சேர்க்கவோ தள்ளவோ இப்போதைக்கு இரண்டு மாடரேட்டர்கள், ஒருவன் குண்டூசி, இன்னொருவன் இவன். சம்பளம் கிடையாது, வசவு உண்டு. பட்டியலில் முதல் இடமும் இவனுடையதுதான். தூங்குமூஞ்சியின் ஆட்டம் அதைவிட ஒன்பது நொடி குறைவு. ஒன்பது நொடி என்றால் சும்மாவா, ஒரு நொடியைக் குறைக்க அவனுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது, கல்லூரியில் பரீட்சைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த மழைக்காலம், பிறகு கல்லூரிக்கே போகவில்லை, இப்போது ராத்திரி முழுக்கச் சரக்குக் கிடங்கின் கேமராத் திரைகளில் ஒன்றும் நடக்காததைப் பார்ப்பது, காலையில் வந்து அடுத்தவர் ஆடியதைப் பார்ப்பது. “ராத்திரி ஒரு டிவி, பகல்ல ஒரு டிவி, வாழ்ந்தா உன்ன மாதிரி வாழணும் மாப்ள” என்று அத்தான் துண்டோடு கதவில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். சொல்லட்டும். பொய்யா சொல்கிறார்.

முதலில் திருட்டு என்றுதான் நினைத்தான். அதில் வெட்கமில்லை, அதுதான் வேலை. புதிதாக மாடரேட்டர் ஆகிறவர்களுக்கு அவன் சொல்வது அதுதான், அனுப்பியவனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு பார், ஆனால் வாயைத் திறந்து திருடன் என்று சொல்லிவிடாதே. இரண்டு நாள் ஆட்டத்தை ஒட்டவைத்தால் ஒட்டிய இடத்தில் சத்தம் குதிக்கும், இசையில் ஒரு தாளம் விடுபட்டுவிடும், அதனால்தான் மைக்கை அணைக்காதீர்கள், வீட்டுச் சத்தம் கேட்டால் கேட்கட்டும் என்று குறிப்பு எழுதி மேலே ஒட்டி வைத்திருக்கிறான், யார் படிக்கிறார்கள்... ஆனால் இந்த வீடியோவில் வீடே கேட்டது. நான்காவது மாடியில் பீப்பாய் உருளத் தொடங்கும்போது ஒரு சிறுமியின் குரல், “அம்மா, என் சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு,” பீப்பாய் முதுகில் மோதும்போது ஒரு பெண் குரல், சற்றும் பதறாமல், “கட்டிலுக்கு அடியில பாருடி,” விளிம்பில் விழும்போது “இல்லம்மா,” எழுந்து ஓடும்போது “குனிஞ்சு பாருடி, நின்னுக்கிட்டே பாத்தா எப்படித் தெரியும்?” ஒட்டு இல்லை. அந்தப் பேச்சில் ஒரு மூச்சுகூட விடுபடவில்லை. அவன் அந்த இடத்துக்கு வரும்போது கதவைத் தாழ்போட்டு, மூச்சைப் பிடித்து, மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவான், இந்தம்மா சாக்ஸ் தேடிக்கொடுத்துக்கொண்டே தாண்டுகிறாள். பீப்பாய் அடித்தால் ஓர் உயிர் குறையும், போனது போனதுதான், உச்சியில் காவலிருக்கும் ஆந்தை வேறு இரண்டு கொத்து கொத்தும் என்று எல்லோரும் உயிரைச் சேமித்து வைத்துக்கொண்டு போவோம், அவள் சேமிக்கவில்லை, ஒற்றை உயிரோடு போய் ஆந்தையின் இறக்கைக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு நடந்தாள், அது கொத்தக் குனிந்த இடத்தில் அவள் இல்லை... அவனுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை. அக்கா என்னவென்று கேட்பாள்.

எல்லாம் சரி, தொடக்கம் இல்லை. வீடியோ விளக்குக்காரன் முதல் அடி எடுத்து வைக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் ஒரு திரை வர வேண்டும், சாதாரண முறையா சுலப முறையா என்று தேர்ந்தெடுக்கும் திரை, சுலப முறையில் தண்ணீர் கொஞ்சம் மெதுவாக ஏறும், கண்ணால் பார்த்தால் தெரியாது, அப்படி ஆடி ஒருத்தன் பட்டியலில் மாதக்கணக்கில் குந்தியிருந்தான், அவனைப் பிடித்த பிறகு இவன்தான் விதி எழுதினான், தொடக்கத் திரை தெரியாத வீடியோ ஏற்கப்படாது. இவனேதான். தன் பழைய வீடியோவையும் இவளுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுச் சுவரின் செங்கல்களை எண்ணினான், தண்ணீர் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே செங்கலைத் தொட்டது, கடைசி வரிசை வரைக்கும். சாதாரண முறைதான். சந்தேகமே இல்லை. அவனுக்குத் தெரிகிறது, ஆனால் விதிக்குத் தெரியவில்லை.

முதலிடத்தை மாற்றும் ஆட்டத்தை அந்த முதலிடத்துக்காரன் சரிபார்க்கக் கூடாது, அதுவும் விதி, அதனால்தான் குண்டூசியை அழைத்தது, குண்டூசிக்குப் பிறந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளை. “கைல புள்ளடா, ஒத்தக் கையால நான் எந்தச் செங்கல எண்றது? நீ சொல்லு, நான் என் பேர்ல போட்டுக்கறேன்.” ஏத்துக்கலாமா என்று கேட்டான். “ஏத்துக்கிட்டா உன்னத் தியாகிம்பாங்க, தள்ளினா வயித்தெரிச்சல் புடிச்சவன்பாங்க, எப்படியும் உனக்குத்தான் பூஜை.” அது இல்லை குண்டூசி, ஆட்டம் உண்மை. “உண்மைதான். நாளைக்கு வர்றவன் எல்லாம் மெனுவக் காட்டாம வந்து, என்னுதுக்கும் செங்கல எண்ணுன்னு நிப்பான், எண்ணுவியா?” பிள்ளை அழுதது, குண்டூசி ஏதோ தாலாட்டு மாதிரி முனகிக்கொண்டே போய்விட்டான். முழு வீடியோ அவளிடம் இருந்தால் போதும், பிரச்சினையே இல்லை, கேட்டால் தந்துவிடுவாள்... தந்துவிட்டால்? தந்துவிட்டால் நல்லதுதானே. செய்தி அனுப்பினான். எழுதிப் பழக்கமில்லை தம்பி, பேசுகிறேன் என்று உடனே அழைப்பே வந்துவிட்டது.

“பாத்தாச்சா தம்பி?” என்றாள். பாத்தாச்சா என்று கேட்காதீர்கள் என்பதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் வேலையாம், பஸ்ஸுக்கு நிற்கிறாளாம், பின்னால் வண்டிகள். தொடக்கம் எங்கே என்று கேட்டான். “அதுவா, அதுல நான் கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஓரத்துல மூஞ்சி வேற தெரியுது, தலைகூடச் சீவல. பெரியவங்க பாக்கறது, மரியாதையா இருக்கட்டும்னு வெட்டிட்டேன்.” மரியாதைக்கு வெட்டினாளாம். வீட்டுக்கு ஆள் வந்தால் நாற்காலியில் குவிந்த துணியை எடுத்து ஒளிப்பது மாதிரி ஆதாரத்தை எடுத்து ஒளித்திருக்கிறாள்... முழுசா எடுத்தது இருக்குமே? “அழிச்சிட்டேனே, கம்ப்யூட்டர்ல எடமில்லன்னு பொண்ணு கத்தினா.” ஏற்க முடியாது என்று அவன் சொன்னான், விதியைச் சொன்னான், ஏன் அந்த விதி என்றும் சொன்னான், குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. முதலிடத்தில் இருப்பது நீங்கள்தானே என்று கேட்கப் போகிறாள், கேட்கட்டும், கேட்பதுதான் நியாயம். கேட்டாள். “மொத எடத்துல இருக்கறது நீங்கதான தம்பி? உங்க வீடியோவப் பாத்துத்தான் நான் ஆரம்பிச்சதே. வாளிக்கு நிக்கறப்ப சும்மா நிக்காம ரெண்டு குதி குதிப்பீங்க பாருங்க, என் பொண்ணும் நானும் அதப் போட்டுப் போட்டுச் சிரிப்போம்.” வேறொன்றும் இல்லை, குத்தல் இல்லை, அவ்வளவுதான். “அப்ப திரும்ப ஆடணும், இல்லையா? சாயங்காலம் வந்து ஆடிர்றேன். அதுக்கு ஏன் தம்பி கொரல இப்படி வச்சிருக்கீங்க, யாரோ செத்த மாதிரி?”

மறுபடி வருமா என்று கேட்டான். “எது?” அந்தப் பீப்பாய் அடி. “அது வராம எங்க போகும்? எப்பவும் அங்கதான வருது, நாமதான் நகந்துக்கறோம்,” பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் வந்து ஆடிர்றேன்... துணி மடித்து வைக்கிறேன் என்பது மாதிரி. அவன் முதலிடம் தந்த அந்த ஒரு ஆட்டத்தை ஆடி முடித்த பிறகு ஒரு முறைகூட அதன் பக்கத்தில் போக முடிந்ததில்லை, யாரிடமும் சொன்னதில்லை, முடியாது என்று தெரிந்த பிறகுதான் மாடரேட்டர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவள் கையில் அது எந்நேரமும் இருக்கிறது. அதுதான் திறமை என்பது, அவனிடம் இருந்தது ஒரு நல்ல நாள், அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொள்ள வருத்தமாக இருக்கும் என்று நினைத்தான், ஆனால் நிம்மதியாக அல்லவா இருக்கிறது, இப்படியும் ஒருத்தி ஆடுகிறாளே என்று...

குண்டூசியின் பெயரைப் போட்டுத் தள்ளும் பொத்தானை அழுத்தினான். காரணம் என்ற கட்டத்தில், தொடக்கத் திரை இல்லை, ஆட்டத்தில் குறையில்லை, நான் பார்த்ததிலேயே சிறந்தது, வெட்டாமல் அனுப்புங்கள், தலை சீவாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதினான். பிறகு, வெகு நாளைக்குப் பிறகு, விளையாட்டைத் திறந்தான். நான்காவது மாடி. முதுகைக் காட்டி நின்றான். பீப்பாய் வந்தது, விரல் அழுத்திவிட்டது, விளக்குக்காரன் குதித்துத் தாண்டிவிட்டான். நான் அழுத்தவில்லையே. மறுபடி நின்றான், இந்த முறை அசையக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, மறுபடி விரல் தானாகக் குதிக்கவைத்தது, மறுபடியும்...

“இன்னும் தூங்கலையாடா நீ?” அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள், அத்தான் முன்பே இறங்கிப் போய் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். “கண்ணப் பாரு, பழுத்துப்போய்க் கெடக்கு. என்னதான்டா பண்ற?”

“அடி வாங்கப் பாக்கறேங்க்கா.”

“அதுக்கு வேலை முடிச்சு வந்தும் தூங்காம உக்காந்திருக்கணுமா? என்னக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்.”

அவள் செருப்பைத் தேடுவது கேட்டது. அவன் விரல்களைப் பார்த்தான். இவை அவனைக் கேட்காமலே ஒதுங்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன, எப்போதிலிருந்து, எது எதிலெல்லாம்... விதி சரிதான், குண்டூசிகூடச் சொன்னான், யார் இருந்தாலும் தள்ளித்தான் இருப்பார்கள், ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தியது நானா, இந்த விரலா? “நீ கதவத் தெறந்து போட்டுட்டுத் தூங்கிடுவ, நான் வெளிய பூட்டிக்கிட்டுப் போறேன்,” அக்காவின் குரல் வாசலிலிருந்து வந்தது, அவன் சரி என்று சொல்வதற்குள் அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, பூட்டுக்குள் சாவி திரும்பியது.