இருட்டாத கூடாரம்

…அடுப்பின் அந்தத் துளையில் ஊசியைச் செருகி ஒரு குத்துக் குத்தினால் போதும், அடைப்பு விலகி நீலமாகப் பற்றிக்கொள்ளும், அது தெரியாமல் மறுபடி மறுபடி பம்ப் செய்துகொண்டிருக்கிறார் பாவம், மஞ்சளாக ஒரு சுடர் எழுந்து, புகைந்து, அணைந்து… எழுந்து போய் நானே ஏற்றிவிட்டால் என்ன என்று சியாமளா நினைத்தாள், நினைத்த உடனேயே முடியாது என்பதும் நினைவுக்கு வந்தது, அவள் இப்போது அடுப்பைத் தொடக் கூடாதவள், நேற்று மாலை அவளே தன் வாயால் அப்படிச் சொல்லிவிட்டாள். அதனால்தான் காட்டுப் பாதையின் ஓரத்தில் வெட்டி அடுக்கியிருந்த மரக்கட்டைகளின் மேல், கூடாரத்துக்கும் அடுப்புக்கும் காருக்கும் எட்டாத இடத்தில், ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கட்டைகளில் பிசின் வடிந்திருக்கிறது, புடவையில் ஒட்டினால் போகவே போகாது, ஒட்டட்டும், அதுவாவது தண்டனையாக இருக்கட்டும். குருமூர்த்தி கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தார், கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும், பிடிக்காதா பின்னே, ஆறடி மனிதர் அந்தப் பழைய வோக்ஸ்வாகனின் பின் சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்தால்… கூடாரத்தை அவளுக்கென்று விட்டுவிட்டு, அவள் போர்த்திக்கொள்ளக் கனமான கம்பளியையும் கொடுத்துவிட்டு.

அவள் மாதவிலக்கே ஆகவில்லை. அதுதான் விஷயம், அவ்வளவுதான் விஷயம், ஆனால் அதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதுகூடக் காது சுட்டது. எப்படி வந்தது அந்தப் பொய்? யோசித்து வந்ததில்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒலிம்பிக் போஸ்டரைக் காட்டி, ஆகஸ்டில் ம்யூனிக் போகலாம் என்று சொன்னார், அப்புறம் இந்தக் கப்பிப் பாதையில் ஏறி ஏறி, இரண்டு பக்கமும் ஊசியிலை மரம், கீழே எங்கேயோ ஓடைச் சத்தம், பாதை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, "பாத்தியா, ஒரு ஈ காக்கா கிடையாது" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். லேபில் கூட வேலை பார்க்கிற ஜெர்மானியர் கூடாரத்தைக் கொடுத்து, எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார், ஒரு இடத்தில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காதே, கப்பியின் மேல் மட்டும் அடுப்பு வை, குப்பை எதையும் விட்டுவிட்டு வராதே, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று. குளிர்காலத்திலிருந்தே இந்த விடுமுறையைப் பற்றித்தான் அவர் பேச்சு. டார்ம்ஸ்டாட் வீட்டில் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மாள், மேலே நாற்காலியை இழுத்தால் கீழே ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பவள், அந்த மரத்தளத்தின் மேல் கல்யாணமான புதிதில் இரண்டு பேர் எப்படிப் பேசுவது, சிரிப்பது… பேசவே மாட்டார்கள். இருட்டில், சத்தமில்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல். அவர் அதைத்தான் சுற்றி வளைத்துச் சொன்னார், "அங்க வந்தா நாம நன்னா பேசிண்டு இருக்கலாம்" என்று, சொல்லிவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினார், காது நுனி சிவந்திருந்தது. அவளுக்கும் ஆசைதான். ஆசை இல்லையென்று யார் சொன்னது?

ஆனால் அந்த வெளிச்சம்! சாப்பிட்டாயிற்று, பாத்திரம் கழுவியாயிற்று, கூடாரம் அடித்தாயிற்று, இன்னும் சூரியன் போகவில்லை, ஊரில் ஆறரைக்கெல்லாம் பொத்தென்று இருட்டிவிடுமே, இங்கே மே மாதம் வந்தால் மாலை நகரவே மாட்டேனென்கிறது. ஆரஞ்சுத் துணி, உள்ளே தலையை நீட்டிப் பார்த்தபோது விளக்குக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, தன் விரல் நகம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. இதற்குள்ளா? இவ்வளவு வெளிச்சத்திலா? அவர் தன் முகத்தைப் பார்த்துவிடுவார், இத்தனை மாதத்தில் ஒருநாளும் பார்க்காத அந்த முகத்தை, அது எப்படி இருக்குமென்று அவளுக்கே தெரியாது… அந்த நிமிஷத்தில்தான் வாய் சொல்லிற்று. "ஏன்னா… நான் தூரம்." அவர் கையில் கூடாரத்து முளை இருந்தது, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஓ… சரி, சரி, அதனால என்ன, நீ உள்ள படுத்துக்கோ, நான் கார்ல படுத்துக்கறேன்" என்றார். ஒரு கேள்வி இல்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பாளோ? இல்லை, இன்னொரு பொய் சொல்லியிருப்பாள்.

வெட்கக்கேடு. கல்லூரியில் பேச்சுப் போட்டியில் இதே வழக்கத்தைக் கிழி கிழியென்று கிழித்துக் கோப்பை வாங்கியவள், அந்தக் கோப்பையை எதற்கு வாங்கினாளென்று அம்மாவிடம் கடைசிவரை சொல்லாதவள், விமான நிலையத்தில் மாமியார் காதோடு, "அங்க போயும் அதை மட்டும் விட்டுடாதே" என்று சொன்னபோது தலையை ஆட்டியவள். அவர் முதல் மாதமே சொல்லிப் பார்த்தார், "இங்க எதுக்கு இதெல்லாம்?" என்று. இவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பிடிவாதமா, சௌகரியமா? ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டு, அவர் பருப்பைத் தீய்த்துவிட்டுப் பாத்திரத்தோடு போராடுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருந்ததே. டார்ம்ஸ்டாட்டில் ஒன்றும் அப்படிக் கடுமையாக இருந்ததில்லை, தண்ணீர்த் தம்ளரைக் கைக்குக் கை வாங்கிக்கொள்வாள், ஒன்றும் சொல்லமாட்டாள். நேற்றிலிருந்துதான் இத்தனை ஆசாரம், தட்டைத் தனியாக வை, கிட்ட வராதே, கம்பளியைத் தொடாதே… பொய்யை நிற்கவைக்க எத்தனை முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. போகட்டும், ஆண்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கே தெரியப்போகிறது, அப்பா என்றைக்காவது கேட்டிருக்கிறாரா, அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒருவழியாக அடுப்பு பற்றிக்கொண்டது. ரவை வறுபடும் வாசனை அந்தப் பைன் வாசனைக்குள் புகுந்தபோது ஏனோ அழுகை வந்தது. அவர் தட்டில் உப்புமாவைப் போட்டு, ஸ்பூனைச் செருகி, கப்பியில் கால் வழுக்க வழுக்க எடுத்துக்கொண்டு வந்தார், ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. இன்னும் இரண்டடி வந்தால் கண்ணைப் பார்த்துவிடுவார். "அங்கயே வெச்சுட்டு நகருங்கோ, மேல பட்டுடப்போறது!" என்றாள், அவளுக்கே அது மாமியார் குரலாகக் கேட்டது. அவர் தட்டைக் கட்டையின் நுனியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அப்புறம்தான் அவள் குனிந்து எடுத்தாள்.

வளைவில் அவர்கள் எப்போது வந்து நின்றார்களோ, ஒரு வயதான தம்பதி, முழங்கால்வரை சிவப்புக் காலுறை, கையில் தடி, தடி முழுக்கப் போய்வந்த ஊர்களின் பெயர் பொறித்த சின்னச் சின்னத் தகடுகள். மனிதர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்ல வாயெடுத்தார், அந்த அம்மாள் சொல்லவில்லை. கூடாரத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், கட்டைமேல் குளிரில் நடுங்கும் இவளை, இவள் கையிலிருந்த தட்டை. பார்த்துவிட்டு நேரே குருமூர்த்தியிடம் போய்ப் பேச ஆரம்பித்தாள். வேகமான ஜெர்மன், மலைப்பக்கத்து உச்சரிப்பு வேறு, சியாமளாவுக்குப் பாதி புரியவில்லை, ஒரு வார்த்தை மட்டும் கல்லாக வந்து விழுந்தது, ஹுண்ட், நாய். டார்ம்ஸ்டாட் கறிக்கடை வாசலில் நாய்ப் படம் போட்டு, உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருக்குமே, அங்கே கற்றுக்கொண்ட வார்த்தை. இவள் என்ன நாயா, தூரத்தில் தட்டை வைத்துவிட்டுப் போகிறாய்? அதைத்தான் கேட்கிறாள், சந்தேகமே இல்லை. சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள், இவள்தான் கிட்ட வராதே என்றாள் என்று… சொன்னால் போதுமே! அவர் வாணலியைத் துடைத்த துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு, வகுப்பில் எழுந்து நின்ற மாணவன் மாதிரி நின்றார். கடைசியில் இரண்டே வார்த்தை சொன்னார், மைன் ஃபேலர். அதுவும் அவளுக்குத் தெரியும், ஜெர்மன் வகுப்பில் இவளுடைய பயிற்சித் தாளில் சிவப்பு மையில் ஓரமெல்லாம் ஃபேலர், ஃபேலர் என்றுதான் இருக்கும். என் தவறு. என் தவறு என்று சொன்னார்.

அந்த அம்மாள் அதோடு விடவில்லை, முதுகுப்பையிலிருந்து ஃப்ளாஸ்கை எடுத்துக் காபியை ஊற்றி, கட்டையருகே வந்து சியாமளாவின் கையில் வைத்து, அந்தக் கையின் மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். வெதுவெதுப்பான, சொரசொரப்பான கை. தன் கழுத்துத் துணியை அவிழ்த்து இவள் தோளில் போட்டாள். பாவம் குழந்தை, என்றோ என்னவோ சொன்னாள். இவ்வளவு அன்பை ஒரு பொய்க்காக வாங்கிக்கொள்வதைவிட அந்த அம்மாள் இவள் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருக்கலாம். "டாங்கே" என்றாள், வேறென்ன சொல்வது. கிழவர் மனைவியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், அந்த அம்மாள் வளைவில் திரும்பி நின்று இன்னொரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

"பேசாம டார்ம்ஸ்டாட்டுக்கே திரும்பிடலாமா?" என்றார் அவர், கூடாரத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் நீங்க ஒண்ணுமே சொல்லலை?"

"என்னன்னு சொல்றது?"

"நான்தான் கிட்ட வராதீங்கோன்னு சொன்னேன்னு…"

"சொன்னா உன்னையும் சேர்த்துன்னா திட்டுவா. ஒருத்தர் வாங்கிக் கட்டிண்டது போறாதா?" என்று சிரித்தார், சிரித்தபோது கழுத்து வலித்து முகத்தைச் சுளித்தார். "சாப்பிடு, ஆறிடும். உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கும், இருக்கும். இந்த மாசத்துல ரெண்டாவது ரவுண்டு சமையல், கை பழகிடுத்து."

சொல்லிவிட்டு வாணலியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். அவள் ஸ்பூனை வாயருகே பிடித்தபடி இருந்தாள். இரண்டாவது. இந்த மாதத்தில்… வீட்டுக்கார அம்மாளின் வேலியில் லைலாக் பூத்தபோது, ஜன்னலோரம் அவள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பருப்பைத் தீய்த்தார், நேற்றுக் கிளம்பும்போது அந்தப் பூ இன்னும் வாடவில்லை. வாடவே இல்லை. அம்மாவின் பார்வையும் அப்பாவின் பேப்பரும் இருந்த வீட்டில் ஆண்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், இங்கே அவர்கள் இரண்டு பேரைத் தவிர யார், சமைத்தது அவர், தட்டு வைத்தது அவர், அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அப்படியானால் நேற்று மாலையே தெரியும். கூடாரத்து முளையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாரே, அப்போதே. தெரிந்துதான் அந்தச் சீட்டில் மடங்கிப் படுத்தார், தெரிந்துதான் நகரச் சொன்னபோது நகர்ந்தார். இப்போது சொன்னது வேடிக்கையா, குத்தலா, தன்னையறியாமல் வந்ததா, முகத்தையும் பார்க்க முடியவில்லை, முகத்தைப் பார்க்கக் கூடாதென்றுதானே இத்தனையும் செய்தாள்… அப்படியென்றால் அந்த மைன் ஃபேலர்? அந்த அம்மாளின் கேள்விக்குத்தான் அந்தப் பதிலா? கட்டையின் பக்கம் லேசாகத் திரும்பித்தானே சொன்னார். இவளுக்குச் சொன்னதோ? கிட்ட வரவேண்டாமென்று இவள் ஒரு பொய்யைத் தேடிப் பிடிக்க வேண்டிவந்தது தன் தவறு என்று நினைத்துவிட்டாரோ, இவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையென்று… ஐயோ, அதில்லை, அது இல்லவே இல்லை, வெளிச்சம்தான், வெறும் வெளிச்சம், அதை எப்படி ஒரு மனிதரிடம் சொல்வது?

கட்டையிலிருந்து இறங்கினாள், புடவையில் பிசின் ஒட்டி இழுத்து விட்டது. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கப்பியைக் கடந்து, சரிவின் விளிம்பில் வந்து நின்றாள். கீழே மரங்களுக்கு நடுவே வெயில் விழுந்திருந்தது, அதில் அவர் ஒரு பாறைமேல் குந்தி, மணலைப் போட்டு வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார், முதுகு மட்டும் தெரிந்தது. கால் பட்டு ஒரு கல் உருண்டது. தேய்க்கும் சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை, பாறையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். தண்ணீர் தெறிக்கிறதென்று நகர்ந்தாரா… இல்லை, பக்கத்தில் இடம் விட்டாரா? இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை, அந்த இடம் முழுக்க வெயிலாக இருந்தது.