விரும்பிக் கேட்டவர்கள்

ஒரு பொய்யை நாற்பது வருஷம் வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருத்தி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் ரெஜினா சொல்வாள். சாப்பிட்டாள், தூங்கினாள், முப்பது வருஷம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள், பெண் ஜெனியைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்தாள். ஆனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் தொண்டையில் முள் நிற்கும். அது சனிக்கிழமை. அன்றைக்குத்தான் காசிமேட்டு மங்கையக்காவிடமிருந்து மீன் வரும். சங்கராவோ, கானாங்கெளுத்தியோ, காற்று நன்றாக அடித்த வாரத்தில் வஞ்சிரமோ, ஏதோ ஒன்று வந்துவிடும். காசு கொடுத்தால் அக்காவுக்குக் கோபம் வரும். "சும்மா வாங்கி ஆக்கித் துன்னு" என்பாள்.

வருகிற புதன்கிழமை ரெஜினா வீட்டைக் காலி செய்துவிட்டு ஜெனியோடு இருக்கப் போகிறாள். பாத்திரம் பண்டம் எல்லாம் கட்டியாயிற்று. இந்தப் பொய்யையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதா என்று யோசித்துப் பார்த்தாள். இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். இன்றைக்கு மங்கையக்காவின் புருஷன் தாமோதரன் இறந்து ஒரு வருஷம் நிறைகிறது. மத்தியானம் படையல், சாப்பாடு. அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். ஊரே கூடி உட்கார்ந்த பிறகு மங்கையக்கா எப்படியும் அந்த ரேடியோ கதையை எடுத்துவிடுவாள், யார் தடுத்தாலும் நிறுத்த மாட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு தரம் தலையாட்ட ரெஜினாவுக்குத் தெம்பில்லை.

ராயபுரத்திலிருந்து நடந்து வந்தவளுக்குத் தெருமுனையிலேயே பாட்டு கேட்டது. ஒப்பாரிப் பாட்டோ சாமி பாட்டோ இல்லை. மனுஷன் உயிரோடு இருந்தபோது வாயெல்லாம் பல்லாகக் கேட்ட எண்பதுகளின் சினிமாப் பாட்டுகள். மங்கையக்காவின் பேத்தி நர்மதா தேடிப்பிடித்து போனில் ஏற்றி, ஸ்பீக்கர் செட்டில் போட்டுவிட்டிருக்கிறாள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ரெஜினாவின் கால் தானாகவே பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

அப்போதெல்லாம் பாட்டு கேட்பதே ஒரு வேலை. அதற்கென்று காத்திருக்க வேண்டும். இன்றைக்குப் போனில் பேரைச் சொன்னால் பாட்டு வந்து நிற்கிறது, கூப்பிட்ட வேலைக்காரன் மாதிரி. அப்போது அப்படியில்லை, அது தானாக நினைத்தால்தான் வரும். வந்துவிட்டால் தெரு முழுக்க ஒரே பாட்டு. சலூனில் பல்லவி, டீக்கடை தாண்டும்போது முதல் சரணம், ஐஸ் உடைக்கிற கொட்டகை பக்கம் வந்தால் இரண்டாவது சரணம். ஒரு வரி விட்டுப்போகாமல் கடைக்கு நடந்து போய்விடலாம். ரெஜினா அப்படித்தான் அத்தனை பாட்டையும் மனப்பாடம் செய்தாள். வேதபாடத்தில் அந்த வேகம் இல்லையே என்று அப்பா சாலமோன் வருத்தப்படுவார்.

அப்பாவுக்குத் தெற்கே நாசரேத் பக்கம். காசிமேட்டுக்கு வந்து 'சாலமோன் ஸ்டோர்ஸ்' என்று மளிகைக் கடை போட்டவர். கண்டிப்பான ஆள். ஆனாலும் கடையில் ஒரு பிலிப்ஸ் ரேடியோ வைத்திருந்தார், புயல் செய்தி கேட்க என்று சாக்கு. மத்தியானம் நேயர் விருப்பம் வரும் நேரத்தில் லாஞ்சுப் படகுக்காரர்கள் எல்லாரும் கடை வாசலில் சர்பத் குடிக்க வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே ஆசை, தன் பேர் ரேடியோவில் வர வேண்டும். எழுதத் தெரிந்தவள் ரெஜினாதான். ஒரு தபால் கார்டில் பாட்டைச் சொல்லி, கீழே பேர் பேராக அடுக்குவாள். அறிவிப்பாளர் பாதியில் நிறுத்திவிடுவார் என்பதால் யார் பேர் முதலில் என்று அடிதடியே நடக்கும். ஒருமுறை சுப்புராஜ் என்ற லாஞ்சு டிரைவர் தன் பேரை முதலில் போடச் சொல்லி ஒரு முழு வவ்வால் மீனை லஞ்சமாகக் கொண்டுவந்து வைத்தான். அப்பா அதைத் திருப்பி அனுப்பவில்லை. மறுநாள் சாப்பிட்டுவிட்டு, "அவன் பேரை எத்தனாவதாப் போட்ட?" என்று கேட்டார்.

எழுதுவது ரெஜினா, தபால் பெட்டியில் போடுவது அன்றைக்குக் கையில் அகப்படுகிறவர்கள். அவள் எத்தனையோ நூறு பேர்களை எழுதியிருப்பாள். தன் பேரை மட்டும் ஒரு நாளும் எழுதியதில்லை. சினிமாப் பாட்டு கேட்டு எழுதின பெண் என்று ரேடியோவில் பேர் வந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார்.

கார்டு போய்ச் சேர்ந்து, முறை வந்து, வாசிக்க ஒரு மாதம் ஆகும். இது எழுதுகிறவளுக்குத் தெரியும். பேரை மட்டும் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. ரேடியோ இன்றைக்குத் தன்னைக் கூப்பிட்டது, அவ்வளவுதான்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் அந்தப் புயல் வந்தது. தாமோதரன் போன லாஞ்சு திரும்பவில்லை. ஐந்து பேர். தேடப் போன படகுகளும் வெறும் கையோடு வந்தன. மங்கைக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கையில் ஆறு மாதத்துப் பிள்ளை திலீப். பன்னிரண்டாம் நாள் பஞ்சாயத்துக்காரர் அறிவும் இன்னும் நாலு பேரும் சாலமோன் ஸ்டோர்ஸ் வாசலில் உட்கார்ந்து, பதினாறாம் நாள் கடற்கரையில் செய்ய வேண்டிய காரியத்துக்குச் சாமான் லிஸ்டு போட்டார்கள். பச்சரிசி, எள்ளு, வெல்லம், கற்பூரம். வெள்ளைப் புடவையை மாமியார் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டாள். மங்கை அவர்கள் பின்னாலேயே வந்து, "லிஸ்டு போடாதீங்க, போடாதீங்க" என்று மல்லுக்கு நின்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

துக்கத் தெரு என்பதால் ரேடியோவை மெதுவாக வைத்திருந்தார்கள். அதில்தான் வந்தது. விரும்பிக் கேட்டவர்கள், காசிமேடு தாமோதரன், மங்கை, மகன் திலீப். கூடவே மவுத் ஆர்கனில் ஆரம்பிக்கும், தாமோதரனுக்குப் பிடித்த பாட்டு.

"பாத்தியா! எங்கியோ கரையேறிட்டு கார்டு போட்டுகிறாரு!" மங்கை அலறினாள். "உசுரோட கீறாரு! யாரும் எள்ளு வாங்காதீங்க!"

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சுப்புராஜ் அழுதே விட்டான். அறிவு மட்டும் கொஞ்சம் யோசித்தார். விவரமான ஆள். கடைக்குள் திரும்பி, "பாப்பா, இந்தக் கார்டெல்லாம் நீதான எய்துவே? இது நீ எய்துனதா?" என்று கேட்டார்.

ரெஜினா எழுதியதுதான். புயலுக்கு முன்னால், தாமோதரன் இதே கல்லாவுக்கு எதிரில் நின்று, பிள்ளை பேரையும் சேர்த்துக்கோ என்று சொல்லச் சொல்ல எழுதினாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. மங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள் ரெஜினா. "நான் எழுதல."

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அறிவின் கையிலிருந்த லிஸ்டை வாங்கி மடித்துக் கல்லாவில் போட்டு மூடினார். காரியம் தள்ளிப்போனது.

அடுத்த ஒன்பது நாளும் ரெஜினா ஜெபம் பண்ணினாள் என்று சொல்வதைவிட, கடவுளிடம் சண்டை பிடித்தாள் என்று சொல்லலாம். அவன் வராவிட்டால்? செத்தவனுக்கு ஒருத்தி வருஷக்கணக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பாளே, அந்தப் பாவம் யார் தலையில்? இருபத்தோராம் நாள் தாமோதரனும் மற்ற நாலு பேரும் தாடியும் மீசையுமாக வந்து இறங்கினார்கள். உடைந்த லாஞ்சிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் தூக்கிக்கொண்டு போய்க் கல்கத்தாவில் விட்டதாம். ஒரு தந்தி அடிக்கலாம் என்று ஐந்து தடியன்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே மங்கை அவனை மீதி ஆயுசு முழுக்கத் திட்டினாள். அவனும் சிரித்துக்கொண்டே கேட்டான். கார்டைப் பற்றி யாராவது கேட்டாலும் அதே சிரிப்புதான் பதில். அதற்குப் பிறகு ஒரு மகள், நாலு பேரப்பிள்ளைகள், சொந்த லாஞ்சு எல்லாம் ஆயிற்று. "ரேடியோ என் புருசனக் கொண்டாந்து குட்த்துச்சு" என்பதுதான் மங்கையின் வாழ்க்கைக்கே தலைப்பு.

அந்தத் தலைப்பைத்தான் இன்றைக்கு ரெஜினா அடித்து எழுதப் போகிறாள்.

மங்கையக்கா வீட்டுப் பின்பக்கம் தட்டு நிறைய நெத்திலியை வைத்துக்கொண்டு தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். தாமோதரனுக்கு நெத்திலிக் குழம்பு இல்லாமல் படையல் இல்லை.

"வா ரெஜினா, குந்து. இன்னாமே மூஞ்சி இப்டி கீது? கோயமுத்தூர் போறதுக்கு இப்பவே அயுவறியா?"

ரெஜினா உட்கார்ந்து தானும் ஒரு கை மீனை எடுத்துக்கொண்டாள். கைக்கு வேலை இருந்தால் வாய் திறக்கும் என்று நினைத்தாள். நாலு மீன் கிள்ளியும் திறக்கவில்லை. ஐந்தாவதில் திறந்தது.

"அக்கா, அந்தக் கார்டு நான் எழுதினது. புயலுக்கு முன்னாடியே. அண்ணன் கரையேறிப் போட்டது இல்ல. அறிவு ஐயா கேட்டப்ப நான் பொய் சொன்னேன். அண்ணன் வராமப் போயிருந்தா உங்களை நான் கொன்ன மாதிரி ஆகியிருக்கும். நீங்க ஒவ்வொரு தடவை அந்தக் கதையைச் சொல்றப்பவும், சனிக்கிழமை மீன் குடுக்கிறப்பவும் எனக்கு உடம்பு கூசுதுக்கா. மன்னிச்சிருங்க."

மங்கை கை நிற்கவில்லை. தலை, குடல், தட்டு. தலை, குடல், தட்டு. ரெஜினா ஆறாவது மீனை எடுத்தாள்.

"அன்னிக்கு நீ டைப்பு கிளாசுக்கு நேரமாச்சின்னு ஓடினுருந்தே," என்றாள் மங்கை கடைசியில். "நான் புள்ளையத் தூக்கினு உப்பு வாங்க வந்தேன். கார்டை என் கையில திணிச்சிட்டு, போற வயில போட்டுடுக்கான்னே. மாதா கோயில் பக்கத்துல செகப்புப் பொட்டி. போட்டது நான்தாம்மே."

ரெஜினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த மீன் நழுவித் தட்டில் விழுந்தது.

"அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? என் புருசன் பேரு அதுல கீதுன்னு அவரே சொன்னாரு. பொட்டில போடறதுக்கு முன்ன முத்தங்கூட குட்த்தேன்." மங்கை புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "பொடவ வாங்கியாந்து வெச்சிட்டாங்க ரெஜினா. என் பேச்ச ஒர்த்தரும் கேக்கல. சின்னப் பொண்ணு, பைத்தியம் புட்ச்சிகிச்சின்னாங்க. அப்போ ரேடியோல பேரு வந்துச்சி. நான் சொன்னா எவன் கேப்பான், ரேடியோ சொன்னா கேப்பானுங்க இல்ல? புட்ச்சிகினேன். வாய்ல வந்தத அளந்தேன். ஆனா அந்தக் கூட்டத்துலயே ஒரே ஒர்த்தி நெனச்சா என் பொய்ய ஒடச்சிருக்கலாம். அறிவு உன்னாண்ட கேட்டதும் எனக்கு உசுரே இல்ல. உன் வாயத்தான் பாத்துகினு நின்னேன். நீ இல்லன்னே."

வாசல் பக்கம் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. ரெஜினாவுக்குக் கண் மறைத்தது, துடைக்கலாமென்றால் கையெல்லாம் மீன்.

"அவரு செத்துதான் பூட்டாருன்னு வந்திருந்தாக்கூட அந்த ஒம்போது நாளு எனக்கு நீ குட்த்தது," என்றாள் மங்கை. "நெத்தில பொட்டோட இருந்தேன். இன்னா நெனச்சே, நாப்பது வருசமா நான் சும்மாவா மீனு குட்த்துகினு கீறேன்?"

"ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ சொல்லலியே. கடைக்காரூட்டுப் பொண்ணு, ஜெபம் பண்ற பொண்ணு, எனக்கோசரம் பொய் சொன்னேன்னு நானே வந்து பல்ல இளிச்சா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு பேரும் லூசுங்க, வுடு. குழம்பு கொதிக்குது, அந்த மீன எடு."

ரெஜினா சிரித்தாள், அழுதாள், மீதி நெத்திலியைக் கிள்ளி முடித்தாள். நாற்பது வருஷமாகத் தான் தின்ற மீன் தண்டனை என்று நினைத்திருந்தாள். அத்தனையும் நன்றியாக வந்தது என்று இப்போது தெரிந்ததும், ருசி பார்க்காமல் விழுங்கின வஞ்சிரத்தை நினைத்து அவளுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மத்தியானம் ஷாமியானாவுக்குக் கீழே எல்லாரும் உட்கார்ந்தார்கள். வயதான அறிவும் ஊன்றுகோலோடு வந்திருந்தார். படையலுக்கு முன்னால் மங்கை நர்மதாவிடம் மைக்கைக் கேட்டு வாங்கினாள். ரேடியோ கதை வரப்போகிறது என்று பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். மங்கை கதை சொல்லவில்லை. தொண்டையைச் செருமி, பழைய அறிவிப்பாளர் குரலை இழுத்துப் பிடித்து, தன் வாழ்நாளில் பேசாத சுத்தத் தமிழில் பேசினாள்.

"நேயர்களே, அடுத்த பாடல். விரும்பிக் கேட்டவர்கள்: காசிமேடு, சாலமோன் ஸ்டோர்ஸ், ரெஜினா."

நிறுத்தி, ரெஜினா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

"மற்றும் காசிமேடு தாமோதரன், மங்கை, மகன் திலீப்."

மவுத் ஆர்கன் ஆரம்பித்தது.