நாலாயிரம் அடி எடுக்கும்

அந்த ஓட்டலின் மூன்றாம் மாடியில் கம்பளம் விரித்த நாளிலிருந்து, அங்கே அறைகளைச் சுத்தம் செய்த பெண்ணுக்கு வீட்டுக்குப் போகும் வழி தினமும் நாலாயிரம் அடி நீண்டது. தங்க வந்தவர்களுக்கும் நீண்டிருக்கும். அவர்கள் எப்படியும் தொலைவிலிருந்து வந்தவர்கள், யார் கவனித்தார்கள்!

கம்பளத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவளுடைய கணவர். ஓட்டல்களுக்கு என்ன தரை போடலாம் என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு; தரைக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். மாதிரித் துண்டு ஒன்று கைக்கு வந்தால் தண்ணீர் தெளிப்பார், சாவியால் கீறுவார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்று கண்ணை மூடிக்கொள்வார். வரவேற்பறைக்குக் கிரானைட், குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் என்று முடிவாகி, மூன்றாம் மாடி நடைக்கு வந்தபோது மனைவி குறுக்கிட்டாள். "அங்கயும் டைல்ஸே போடச் சொல்லுங்க. துடைச்சா போச்சு. கம்பளம்னா என் இடுப்பு ஒடிஞ்சிடும்." டைல்ஸில் தள்ளுவண்டி கடகடவென்று ஓடினால் தங்குபவர்களின் தூக்கம் கெடும் என்று சொல்லி, அவள் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடையை அளந்து தாளில் எழுதினார்: இந்த மாடிக்கு நாலாயிரம் அடி எடுக்கும். சதுர அடி என்று எழுதியிருக்க வேண்டும். அந்தத் தொழிலில் யாரும் சதுரத்தை எழுதுவதில்லை, அதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதுமில்லை. கம்பளம் எழுதியபடியே எடுத்துக்கொண்டது. தினமும் அவள் நடையிலிருந்து நாலாயிரம் அடி. அதை அவள் மறுபடி நடந்தாக வேண்டியிருந்தது.

முதல் நாள் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். ஒன்பதாம் நாள் வரவே இல்லை. தேடிப் போனவர் தெருமுனை மருந்துக்கடை வாசலில் அவளைக் கண்டார். வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள், கடையைத் தாண்டவில்லை. நிற்கச் சொன்னாலும் கால் நிற்கவில்லை. அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இரண்டே நிமிடத்தில் அவர் மட்டும் வீட்டு வாசலில் நின்றார். பைக்கில் ஏற்றிப் பார்த்தார். பெட்ரோல் தீரும்வரை ஓடியது, மருந்துக்கடை பக்கத்திலேயே இருந்தது. தன் கையெழுத்துதான் அவளை இப்படி நடக்கவைக்கிறது என்று அவருக்கு நெஞ்சு வெந்தது. ஓட்டல் மேலாளரிடம் போய், கம்பளத்தைப் பிய்த்துவிடும்படி காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "எல்லாரும் பாராட்டறாங்க சார். நாலாவது மாடிக்கும் இதையே போடலாம்னு இருக்கோம்," என்றார் மேலாளர்.

பழைய வீட்டைக் காலி செய்து, மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துச் சாமான்களை மாற்றினார். அது வீடு என்று ஆனதும் அவள் அடுத்த தெருவில் நடந்துகொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்து, கூடவே நடந்து ஊட்டினார். பதினோராம் நாள் அவள் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது.

"வீடுன்னு ஒண்ணு இருக்கறதாலதானே நடக்கறேன்," என்றாள். "அத இல்லாம ஆக்கிடுங்களேன்."

அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்த நிமிடம் அவள் கால் நின்றது. நடைபாதையில் உட்கார்ந்து இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

அப்புறம் பதினெட்டு வருடம் லாட்ஜ்களில் கழிந்தது. உப்பிப்போன மரப்பலகை, ஒட்டு விட்ட வினைல், இடுக்கெல்லாம் கறுத்த டைல்ஸ் என்று, எந்த அறையும் வீடாகிவிடாதபடி, அவளுக்குப் பிடிக்காத தரையாகத் தேடித்தேடி அறை எடுத்தார். இவ்வளவு மோசமான தரையைக் கண்டுபிடிக்க அவரை விட்டால் ஆளில்லை. சுவரில் படம் மாட்டுவதில்லை, செடி வைப்பதில்லை. ரூமுக்குப் போகலாம் என்பார்கள், வேறு சொல் வாயில் வராது.

போன வாரம், பிளந்த சிமெண்டுத் தரை போட்ட ஓர் அறையில், அவள் ஈரத்துணியைக் காலால் இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிளவு வந்த இடத்தைக் குனிந்து பாராமலே, பழகிய காலால் தாண்டினாள். பார்த்துக்கொண்டிருந்த அவர் எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். அவள் துணியைப் பிழிந்து, காயப்போடாமல், ஈரத்தோடே பெட்டியில் வைத்தாள்.