வரையாத வீடு

நடவிலிருந்து நேராக வந்த பெண்களின் கால்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தார்கள். வீட்டுவசதித் திட்டம் போட மக்களிடமே யோசனை கேட்கிறார்களாம். அதிகாரியோடு, அடுக்குமாடி கட்டப்போகும் தனியார் கம்பெனிக்காரரும் வந்திருந்தார்.

"பேப்பர் வேணாம்மா. உங்க ஊரைத் தரையில கோலமாவால போடுங்க. யார் வீடு எங்க, எந்த எடம் காலின்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றார் அதிகாரி.

பெண்கள் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். கோயில் வந்தது, சர்ச் வந்தது, தெருக்கள் வந்தன. ஏரியை வளைத்த செங்கேணியின் விரல் மதகுக்குப் பக்கத்தில் நின்றது. அவளும் பிரிஸ்கில்லாவும் இருக்கும் வரிசை அங்கேதான். பட்டா இல்லாத புறம்போக்கு.

"இன்னாக்கா, நம்ம வூட்டப் போடலாமா?" பிரிஸ்கில்லா கிசுகிசுத்தாள்.

"போடு. நாளைக்கே பொக்லைன் வந்து நிக்கும். உன் வூட்டுக்காரன் குறுக்கப் படுத்துக்குவானா?"

"போடலன்னா?"

"நாம அங்க கீறதே தெரியாது. கம்முனு இரு."

செங்கேணி விரலை நகர்த்தினாள். அந்த வரிசை வெறும் தரையாகக் கிடந்தது. போன மாதம்தான் பிரிஸ்கில்லாவின் புருஷன் ஞானதாஸ் அங்கே சிமென்ட் தரை போட்டிருந்தான்.

கம்பெனிக்காரர் கோலத்தைச் சுற்றி வந்து அங்கேயே நின்றார். "இங்க யாராவது குடியிருக்காங்களா?"

மேட்டுத் தெரு சொக்கம்மாள் பிரிஸ்கில்லாவின் முகத்தைப் பார்த்தாள். அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

"யாரும் இல்ல சார். முள்ளு மண்டிக் கீது."

"அப்போ நம்ம பில்டிங்குக்கு ரோடு இப்படியே போகலாம் சார். ஜனங்களே காலின்னு காட்டிட்டாங்க."

அதிகாரி தலையாட்டினார். "அடுத்த வாரமே எடத்தைச் சமப்படுத்திடலாம்."

பிரிஸ்கில்லா செங்கேணியைப் பார்த்தாள். இப்போது சொன்னால் ஆக்கிரமிப்பு. சொல்லாவிட்டால் ரோடு. பிரிஸ்கில்லா வாய் திறப்பதற்குள் கம்பெனிக்காரர் ஒரு பிடி செம்மண் பொடியை அவள் கையில் கொட்டினார்.

"ரோட்டை நீங்களே போடுங்கம்மா. மக்கள் பங்களிப்புன்னு போட்டோ வேணும்."

செல்போன் முகத்துக்கு நேராக வந்தது. செங்கேணி தலை நிமிரவில்லை. பிரிஸ்கில்லா குனிந்தாள். தெருமுனையிலிருந்து சிவப்புக் கோடு நீண்டது. மதகைத் தாண்டியதும் அவள் வரையாமல் விட்ட வீட்டின் இடம் வந்தது. கோடு கோணிக்கொண்டு விலகியது.

"அந்த எடத்துல மட்டும் அழிச்சிட்டு நேராப் போடுங்கம்மா," என்றார் அதிகாரி.