ஜப்பான் காருக்கு வந்த சூடு

கம்பி இல்லாமல், கையிலிருக்கும் பெட்டியை அழுத்தினால் ஓடுகிற பொம்மைக் கார் என் ரிப்பேர் கடைக்கு வந்தபோது, "இது மாதிரி எத்தனை பார்த்தாச்சு" என்றேன். அந்த 1977ஆம் வருஷம் வரை நான் பார்த்தது ரேடியோ மட்டும்தான். அதிலும் பாதி எனக்குப் புரிந்ததில்லை.

கொண்டு வந்தவர் கிரேசி டீச்சர். கப்பலில் வேலை பார்க்கும் அவர் கணவர் ஜீவமணி, கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக அனுப்பிய பொருள்.

"அஞ்சு நிமிஷம் ஓடுனா அடுப்பா சுடுது, மாசானம் அண்ணாச்சி. சனிக்கிழமை அவிய வாராவ. நானே ஓட்டிக் காட்டுதேன்னு லெட்டர்ல எழுதிட்டேன்."

அச்சுக்கு எண்ணெய் விட்டேன். மெல்லிய வயரை எடுத்துவிட்டுத் தடித்தது போட்டேன். கடைத் தரையில் கால் மணி நேரம் ஓட்டினேன். மோட்டார் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மறுநாள் டீச்சர் திரும்ப வந்தார், மரியாதை போய்விட்டது. மோட்டாருக்குள் உரசிக்கொண்டு கரண்ட் கடத்தும் கரித்துண்டை, பிரஷ் என்போம், புதிதாக வைத்தேன். மறுபடி வந்தார். உப்புக்காற்று என்றேன்.

"உங்க கடைக்கு மட்டும் வேற காத்தா வருது?"

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். பீரோவிலிருந்து காரை எடுத்து வந்தார். நீலக் கம்பளி நூலில் பின்னிய உறை. சக்கரம் மட்டும் வெளியே. காற்றுப் போகும் துளை அத்தனையும் உள்ளே. மேலே சிவப்பு நூலில் ஜீவமணியின் பேர்.

"துருப்பிடிக்கக் கூடாதுன்னு பின்னுனது. பின்னி முடிக்க ஒரு மாசம் ஆச்சு. உங்க கடையில அழுக்காயிரும்னு கழத்தி வச்சிட்டு வருவேன்."

தூத்துக்குடியில் ஸ்வெட்டர் போட்ட ஒரே ஜீவன். சுடாமல் என்ன செய்யும்? சொல்ல வாயைத் திறந்தேன். டீச்சர் அந்தப் பேரின்மேல் பிசிறு நின்ற நூலை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"நான் வச்ச பிரஷ்தான் கோளாறு. இப்ப மாத்திருதேன்" என்றேன். "உறை அருமையா இருக்கு. ஓட்டும்போது மட்டும் கழத்திருங்க. புழுதி படும்லா."

"முதல்லயும் சுட்டுதே?"

"அது ஜப்பான்காரன் தப்பு. பிறகு சுட்டது என் தப்பு."

"நல்லா பாத்தீய ரிப்பேரு."

திங்கட்கிழமை ஜீவமணியே கடைக்கு வந்தார்.

"நல்லா ஓட்டிக் காட்டுனா அண்ணாச்சி. அவ இல்லாத நேரம் உறையோட ஓட்டிப் பாத்தேன். சுடுது."

நான் மேசையிலிருந்த திருப்புளியை எடுத்துத் துடைத்தேன்.

"நானும் அவகிட்ட சொல்லல" என்றார். "ஆனா, உங்க பிரஷ் கோளாறைப் பத்தி அவ ஸ்கூல் முழுக்கச் சொல்லிட்டா."

அந்த வாரம் மூன்று வாத்தியார்கள் வந்து, ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை அப்படியே திரும்ப வாங்கிப் போனார்கள்.