பொன்னாடை வாங்கப் போன நேரம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற வேலை இருக்கட்டும். ஒரு ஆம்புலன்ஸ் வண்டியின் கதை சொல்கிறேன். வண்டியின் கதை என்று பேர்தான். மனசெல்லாம் அதில் போகிற வெற்றிச்செல்வியிடம்தான் இருக்கிறது.

பெரம்பலூரில் சிவசுப்பிரமணியன் நடத்துகிற தனியார் ஆம்புலன்ஸில் அவள் நர்ஸ். கபடிப் போட்டியோ பள்ளிக்கூட விளையாட்டு விழாவோ, கூப்பிட்ட இடத்துக்கு வண்டி போய் மைதான ஓரத்தில் நிற்கும். அப்படிப் போகிற வண்டிகளை ஆண்டுக்கொரு முறை சோதித்துத்தான் அனுமதியைப் புதுப்பிப்பார்கள். அன்று காலை அதற்காக அதிகாரி வந்திருந்தார். ஷெட்டில் வண்டியின் பின்கதவுகளை விரியத் திறந்து வைத்துவிட்டு, வெற்றிச்செல்வி ஓரமாக நின்றாள். வண்டியில் குறை ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். குறை எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

முந்தின நாளே முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "கேட்டா மறைக்காதம்மா. கேக்காதத நீயா எடுத்து வுடாத. நம்ம எல்லார் குடும்பமும் இந்த ஒரு வண்டியிலதான் தொத்திக்கிட்டுக் கெடக்கு."

அவர் சொன்னது போன கோடையில் நடந்ததைப் பற்றி. ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர் ஒன்றில் கபடிப் போட்டி நடந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மைக்செட்காரர், கோடு போட்டவர், தண்ணீர் ஊற்றியவர் என்று ஒருவர் விடாமல் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். போகாவிட்டால் விழாக் கமிட்டிக்குக் கோபம் வந்துவிடும். "மருத்துவக் குழு சார்பாக சகோதரி வெற்றிச்செல்வி" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். டிரைவரையும் கூப்பிட்டார்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம்தானே என்று இரண்டு பேரும் மேடை ஏறினார்கள். யாரும் அவளை அப்படி மதித்துக் கூப்பிட்டதில்லை. பெயரை மைக்கில் கேட்டதும் கொஞ்சம் பூரித்துப்போனாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய மனிதர்கள் பின்னால் முறைக்காக நின்றபோதுதான் கல்லங்குறிச்சி அறிவழகன் ரெய்டு போனான். எதிரணியார் மொத்தமாக அவன்மேல் விழுந்தார்கள். தலை மடங்கியதை அவள் மேடையிலிருந்தே பார்த்தாள். தூக்காதீர்கள் என்று கத்தினாள். ஒலிபெருக்கி இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. கூட்டத்தை விலக்கி இறங்கி ஓடுவதற்குள், அவனுடைய கூட்டாளி செல்லமுத்து அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியிருந்தான். இன்னொருவன் கால்களைப் பிடித்திருந்தான். அடிபட்டவனை அவர்கள் எப்போதும் தூக்குகிற விதம் அதுதான். கழுத்து மட்டும் ஆதரவில்லாமல் தொங்கியது.

கழுத்துக்குக் கீழே அவனுக்கு அசைவே இல்லாமல் போய்விட்டது. விழுந்ததில் போனதா, தூக்கியதில் போனதா என்று டாக்டர்களாலேயே சொல்ல முடியவில்லை. ஊர் மட்டும் செல்லமுத்துதான் என்று சொல்லிவிட்டது. கோட்டருகே நின்று தடுத்திருக்க வேண்டியவள் எங்கே நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை.

அதிகாரி கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அவர் ஆக்சிஜனைத் திறந்து பார்த்தார். மருந்துகளில் தேதி பார்த்தார். அவளுடைய சான்றிதழை வாங்கிப் படித்தார். பிறகு, "ஆட்டம் நடக்கிறப்ப வண்டி எங்க நிக்கும்?" என்றார்.

"கோட்டுக்குப் பக்கத்துலயே, ரோட்டப் பாத்து நிக்கும் சார்."

அது பொய் இல்லை. வண்டி அங்கேதான் நின்றது. அடுத்த கேள்வி இதோ வருகிறது என்று அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். அவர் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "எல்லா வண்டியும் இப்புடி இருந்தா நான் வூட்டுலயே படுத்துக் கெடக்கலாம்" என்று சிரித்தார். முதலாளியும் சிரித்தார். டீ வந்தது. அவள் வண்டியின் பின்கதவுகளைச் சாத்தப் போனாள்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினாள். வழி நெடுக சிமெண்ட் லாரிகள். கல்லங்குறிச்சியில் இறங்கி அறிவழகன் வீட்டுக்கு அவள் போனபோது, கட்டிலருகே செல்லமுத்து தனியாக நின்று அவனைப் புரட்டிப் படுக்கவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பையை வைத்துவிட்டுத் தலைமாட்டுக்குப் போய்க் கழுத்தைத் தாங்கிப் பிடித்தாள். இரண்டு பேருமாக அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்கள்.

"டெய்லி வரியா?"

"வரேன்க்கா. முதுகு புண்ணாயிடும்ல. நான் வந்தா அவன் அம்மா கொல்லைக்குப் போயிடுவாங்க. என் மொகத்துல முழிக்கறதில்ல." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "நீங்க கத்திக்கிட்டுத்தான் ஓடியாந்தீங்க. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்கக்கா."

அவன் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதை அவளால் தாங்க முடியவில்லை.

"நான் வண்டிகிட்டயே இல்லடா தம்பி. பொன்னாடைக்கு மேடையில நின்னேன். அங்க இருந்திருந்தா உன்னத் தொட வுட்டுருக்க மாட்டேன்."

செல்லமுத்து நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த அறிவழகன் தூங்கினானோ, கேட்டுக்கொண்டிருந்தானோ, தெரியவில்லை.

"இத அவன் அம்மாகிட்ட சொல்வீங்களாக்கா?"

கொல்லைக் கதவு திறந்தது. அம்மா இருசம்மாள் ஒரே ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அதை வெற்றிச்செல்வியிடம் நீட்டினாள். செல்லமுத்து நின்ற பக்கம் பார்க்காமலே திரும்பினாள்.

"அம்மா, செத்த உக்காருங்க. ஒன்னு சொல்லணும்."

இருசம்மாள் மகனின் காலடியில் உட்கார்ந்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த அவன் பாதங்களை முந்தானையால் மூடினாள். மூடிய கையை எடுக்காமல் வெற்றிச்செல்வியின் முகத்தைப் பார்த்தாள்.

உங்கள் வீட்டிலிருந்து ஆடப் போகிற பிள்ளைகள் எல்லாம் போன காலோடு நடந்து வந்து வாசல் ஏறட்டும், தாயிகளா. அவர்கள் விழுகிற இடத்தில், தாங்குகிற கை பக்கத்திலேயே இருக்கட்டும்.