மீன் மாத்திரையும் முப்பத்தேழாம் பக்கமும்

பதினான்கு வருஷமாக பார்லர் நடத்துகிறேன். முடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்த எவரும் வாயை மூடிக்கொண்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை. கழுத்தில் துணியைக் கட்டியதும் அறிவுரை தானாகக் கொட்டும். இது தெரிந்தும், என் மகளுக்கு வாசிக்க வரவில்லை என்பதை அங்கே வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து.

மகளைப் பட்டாணி என்று கூப்பிடுவோம். ஒன்பது வயது. பேச்சில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டி ஓட வைப்பாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வயிறு வலிக்கும். அறிவில் குறையில்லை, எழுத்தைப் பிடிப்பதில்தான் சிக்கல், இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர் என்று பரிசோதித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவள் பள்ளியில் வருஷக் கடைசியில் வாசிப்பு நாள் என்று ஒன்று வரும். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். போன வருஷம் இவள் ஏறி நின்றாள், வாயே திறக்காமல் இறங்கி வந்தாள். பின்வரிசையில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. இந்த வருஷம் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் வாசித்துவிட்டால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

தபால் அலுவலகத்து அம்மா மீன் எண்ணெய் மாத்திரை என்றார். பல் டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். வங்கியில் வேலை பார்க்கிறவர், கலர் போட்ட பிஸ்கட்டும் மிட்டாயும்தான் பிள்ளைகளின் மூளையைக் குழப்புகின்றன என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நடன வகுப்பு நடத்துகிறவர் ஒற்றைக்காலில் நிற்க வைக்கச் சொன்னார். வேறு யாரோ நீலக் கண்ணாடி, வால்நட் என்றார்கள். நான் எதையும் விடவில்லை. ஒரு நாள் காலையில் பட்டாணி நீலக் கண்ணாடி மாட்டி, ஒற்றைக்காலில் நின்று, வாய் நிறைய வால்நட் மென்றுகொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் பார்த்தார்.

அவருக்கு பெயின்ட் கம்பெனியில் நிறம் சரிபார்க்கும் வேலை. மாதிரிப் பலகை ஒன்று பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். தினம் தயாராகும் பெயின்ட்டை அந்த ஒரே பலகையோடுதான் ஒப்பிடுவார்கள். பலகையை மாற்றினால் வேலை போய்விடும்.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டினா எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா கொடு. நான் அளந்து சொல்றேன்" என்றார்.

ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஏறியது. முதல் மூன்று வாரம் மீன் மாத்திரை. அடுத்து சர்க்கரை இல்லாத வாரங்கள். அதன் பிறகு கலர் இல்லாத வாரங்கள். தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவர் ஒரு கதைப் புத்தகத்தில் முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து, ஒரு தடவை தானே வாசித்துக் காட்டுவார். பிறகு பட்டாணி வாசிப்பாள். எத்தனை தப்பு என்று எண்ணி எழுதுவார். நான் தலைவாரிவிட்டபடியே கேட்டுக்கொண்டிருப்பேன்.

வாரத்தில் இரண்டு நாள் சிறப்பு ஆசிரியை வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு எழுத்துக்கும் மேஜையில் விரலால் தட்டி, சேர்த்து, மறுபடி தட்டி வாசிக்க வைப்பார். பட்டாணி அவருக்குத் தாளம் டீச்சர் என்று பேர் வைத்திருந்தாள். மாத்திரையைப் பற்றி அவரிடம் கேட்டேன். சத்தான சாப்பாடு உடம்புக்கு நல்லதுதான், ஆனால் வாசிப்பு வாசித்தால்தான் வரும் என்றார். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்குச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. மாத்திரை டப்பாவிலாவது எத்தனை நாளுக்கு என்று போட்டிருந்தது.

கலர் இல்லாத வாரங்களில்தான் கடைக்குப் போவது பெரும்பாடு. பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. கண்ணாடி இல்லாமல் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, எனக்குப் பொறுமை கிடையாது. கலர் இல்லை என்று நீயே பார்த்துச் சொன்னால் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று பட்டாணியிடம் சொல்லிவிட்டோம். பிஸ்கட் அலமாரி முன்னால் அவள் மணிக்கணக்காக நிற்பாள். தவம் செய்கிறாயா என்று வாராவாரம் திட்டித்தான் இழுத்து வருவேன்.

முதல் வாரம் இருபத்து மூன்று தப்பு. ஐந்தாம் வாரம் ஒன்பது. எட்டாம் வாரம் ஒன்றுகூட இல்லை. அவர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. பார்லரில் ஆளாளுக்குப் பங்கு கேட்டார்கள். மீன் மாத்திரைதான் என்றார் தபால் அம்மா. சர்க்கரையை நிறுத்தியது யார் சொல்லி என்றார் பல் டாக்டர். வாசிப்பு நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒத்திகையாக இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சனிக்கிழமை பட்டாணியைப் பார்லருக்கே கூட்டி வந்துவிட்டார்.

தபால் அம்மாவின் தலையில் அப்போதுதான் டை பூசி முடித்திருந்தேன். பல் டாக்டருக்கு டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. வங்கிக்காரர் காத்திருந்தார். பட்டாணி நடுவில் நின்று முப்பத்தேழாம் பக்கத்தை ஆரம்பித்தாள். தண்ணீர் பட்ட பாடு. நான் பெருமையில் டிரையரை எங்கே பிடிக்கிறேன் என்றே பார்க்கவில்லை. காற்று புத்தகத்தில் அடித்தது. பக்கங்கள் படபடவென்று புரண்டு தொண்ணூறில் போய் நின்றன. பட்டாணி நிறுத்தவில்லை. நரி கிணற்றை எட்டிப் பார்த்தது என்று அழகாக வாசித்துக்கொண்டே போனாள். தொண்ணூறாம் பக்கத்தில் நரியும் இல்லை, கிணறும் இல்லை.

நான் டிரையரை அணைத்தேன். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை. எப்படி என்று மட்டும் கேட்டார்.

"தினம் அதே பக்கம்தானேப்பா கொடுத்தீங்க. நீங்க வாசிச்சதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"தப்பு வந்தா புதுசா ஏதாவது ஒரு மருந்து வருது." அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் என்ன கெட்டுப்போயிட்டேனாம்மா? ஆளுக்கொரு மருந்து சொல்றாங்க."

எட்டு வாரமாக அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தினம் காலையில் அவளுக்கு நான் ஊட்டியது இந்தக் கேள்வியைத்தான். அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்றால் ஒரு கையில் டிரையர், இன்னொரு கையில் டை அப்பிய உறை.

அப்போது தபால் அம்மா மெதுவாகக் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. என் தலையில இது எவ்வளவு நேரம் இருக்கணும்? என்னமோ சுருசுருங்குது."

தூக்கிவாரிப்போட்டது. டை புது கம்பெனி. அட்டையை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. அட்டைப்பெட்டியை என் வீட்டுக்காரர் தூரமாகவும் பக்கமாகவும் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி வீட்டில். பட்டாணி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. பெட்டியின் மேல் ஒரு விரலால் தட்டினாள்.

"எரி... எரிச்சல். எரிச்சல் இருந்தால்... உடனே... கழுவவும்."

தபால் அம்மாவை அப்படியே தொட்டிக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலே பட்டாணியின் குரல் வந்துகொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. குளிர்ந்த நீர், கண்ணில் படாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடம் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தை முழுதாக வாசித்தாள். நடுவில் மூன்று தப்பு. ஒன்றைத் தானே திரும்பிப் போய்த் திருத்தினாள். ஐந்து பேர் இருந்தோம், ஒருவரும் சிரிக்கவில்லை.

இதை எங்கே கற்றாய் என்று அவள் அப்பா கேட்டார்.

"பிஸ்கட் பாக்கெட்லதான். டீச்சர் தட்டச் சொன்ன மாதிரியே தட்டிப் பார்ப்பேன். எனக்குத் தின்ன ஏதாவது கிடைக்கணுமே."

நான் தவம் என்று திட்டியது நினைவுக்கு வந்தது. தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தபால் அம்மாவின் தலையில் தண்ணீரோடு என் கண்ணீரும் கொஞ்சம் போயிருக்கும்.

அன்றைக்கே அட்டவணை ஃபிரிட்ஜைவிட்டு இறங்கியது. ஒரே பக்கத்தை மாதிரிப் பலகைபோல வீட்டில் வைத்து அளந்தது தன் தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே எனக்குப் பாதிப் பரிசு. ஒற்றைக்காலில் மட்டும் பட்டாணி இன்னும் நிற்கிறாள், பிடித்திருக்கிறதாம்.

வாசிப்பு நாளில் புதுப் பக்கம் கொடுத்தார்கள். விரலால் தட்டி மெதுவாக வாசித்தாள். மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு நேரம். பின்வரிசையில் ஒரு பையன் களுக்கென்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள், அவன் அடங்கும்வரை காத்திருந்தாள், விட்ட இடத்தைத் தட்டி மேலே போனாள். ஐந்து தப்பு என்று இவர் விரலை மடக்கப் போனார். கையைப் பிடித்து அமுக்கிவிட்டேன்.

இறங்கி வந்ததும் பசி என்றாள். என் பையில் சிவப்புக் கிரீம் வைத்த பிஸ்கட் இருந்தது. பிரிக்கப் போன என்னைத் தடுத்து, பாக்கெட்டைத் திருப்பி, கடைசி வரிவரை வாசித்தாள்.

"கலர் இருக்கும்மா."

"இருந்துட்டுப் போகட்டும். தின்னு."